கோணல் ரேசர்

ரேசர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கைப்பிடியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கனமாக இருக்கிறதா, ஈரக் கையில் வழுக்குமா, பளபளப்பு போகாமல் இருக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பிளேடு மாட்டுகிற தலையை யாரும் பார்ப்பதில்லை. வேலை செய்வது என்னவோ தலைதான்.

உங்கள் மேசைமேல் இருக்கிற பிளாஸ்டிக் உறையில் இரண்டு ரேசர்கள் இருக்கின்றன, ஐயா. இரண்டும் என்னுடையவை, மறுக்கவில்லை. உங்கள் எழுத்தர் பட்டியலில் 'சவர ரேசர், இரண்டு' என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஒன்று நேர் ரேசர், மற்றது கோணல் ரேசர். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புரியாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேர் ரேசரில் பிளேடு கைப்பிடிக்குக் குறுக்கே நேராகப் படுத்திருக்கும். கன்னத்தில் இழுக்கும்போது ஒரு வரிசை முடி மொத்தமும் ஒரே நேரத்தில் பிளேடில் வந்து முட்டும். கோணல் ரேசரில் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், பிளேடும் லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கும். முடி ஒன்றன்பின் ஒன்றாக வந்து அறுபடும். தக்காளியைக் கத்தியால் அழுத்தி நறுக்குவதற்கும் இழுத்து நறுக்குவதற்கும் என்ன வித்தியாசமோ அதுதான். கம்பி மாதிரி தாடி உள்ளவர்களுக்கு நேர் ரேசரில் மூன்று முறை ஓட்ட வேண்டிய இடத்தில் கோணலில் ஒரு முறை போதும். ஆனால் அழுத்தக்கூடாது. அதன் எடையே அதற்குப் போதும். நேர் ரேசரில் கொஞ்சம் அழுத்தினாலும், கோணம் பிசகினாலும் அது பொறுத்துக்கொள்ளும். கோணல் பொறுக்காது. முகம் அசைந்தாலும் பொறுக்காது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். இருபத்திரண்டு வருட வேலை. அரை டிகிரி பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் கோணம் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. காலையில் சவரம் செய்ய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். என் மனைவி அதைக் கிண்டல் செய்வாள். அவள் அப்பா கிண்டல் செய்வதோடு நிறுத்தமாட்டார்.

என் மாமனார் ஏலம் கூறுகிறவர். பழைய மரச்சாமான், மூடிப்போன கடைகளின் அலமாரிகள், மேசைகள் என்று ஏலக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் நின்று கத்தியவர். ஒலிபெருக்கி வைத்தால் அவமானம் என்று நினைப்பார். அந்தக் குரல் அவரோடு வீட்டுக்கும் வரும். வீடு அவருடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில் உறவுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் போதும், என்னை ஏலத்தில் விட ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள, ஒரு தரம்! கண்ணாடி தேய்க்கத் தெரியும், கண்ணாடி முன்னால நிக்கத் தெரியும். ரெண்டு தரம்! வேற ஒண்ணும் தெரியாது. கேக்குறவங்க உண்டா? ஆளே இல்லையா? சரி பாப்பா, போனா போகுது, நீயே வச்சுக்கோ."

எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவருக்கு என்மேல் விரோதம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் "மாப்ள!" என்று கூப்பிட்டால் என் வயிறு ஒரு முறை இறுகும். பதினாறு வருடம் அப்படி இறுகியிருக்கிறது. அது பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஜீரணக் கோளாறு என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்.

அவர் விழுந்த அன்று காலை ஏழரை மணி இருக்கும். என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள், ஏழு மணிக்கே போய்விடுவாள். நான் குளியலறையில் இருந்தேன். இடது கன்னம் முடிந்திருந்தது, வலது கன்னத்தில் நுரை இருந்தது. கூடத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ரேசரோடு வெளியே போய்ப் பார்த்தேன். சோபாவுக்கும் சின்ன மேசைக்கும் நடுவே மாமா கிடந்தார். தேநீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையும் காலும் அவருடையவை இல்லாதவை போல மடங்கிக் கிடந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தார். "மா... மா..." என்றார். என்னைக் கூப்பிடப் பார்க்கிறார், வார்த்தை முடியவில்லை.

அந்தக் குரலுக்கு என் வயிறு இறுகவில்லை. அதை நான் கவனித்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு குளியலறைக்குத் திரும்பிப் போய் வலது கன்னத்தை முடித்தேன்.

பாதி முகத்தில் நுரையோடு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், ஐயா. இரண்டாவது முறை எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். முகம் கழுவிப் படிகாரம் தேய்த்தேன். பிளேடைத் தளர்த்தி, அலசி, துடைத்து வைத்தேன். நல்ல சட்டை ஒன்று தேடினேன். நான் வெளியே வந்தபோது கூடத்தில் சத்தம் ஏதும் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் போயிருந்தது. அப்போதுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். குழாய் திறந்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன்.

டாக்டர் என் மனைவியிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உயிருக்கு ஆபத்து இல்லம்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சு இந்த அளவுக்குப் போயிருக்காது. ஆனா கவலைப்படாதீங்க, பயிற்சி குடுத்தா திரும்பி வரும்."

அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வராந்தாவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் புதுப் பயம் அந்த நாற்காலியில்தான் ஆரம்பித்தது. பேச்சு திரும்பி வந்தால் அவர் முதலில் சொல்லப்போவது என்னவென்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் நான்கு மணிக்கு, பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வருவார். என் மனைவி அவரை டீச்சர் என்று கூப்பிடுவாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் கடையில் பிற்பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் நான், மதியத்துக்கு மேல் மனைவி என்று பங்கு பிரித்துக்கொண்டோம். பங்கு பிரித்ததில் சவரம் என் பக்கம் வந்தது.

"வெளி ஆள் வேண்டாங்க. அப்பாவுக்குக் கன்னம் தொங்கிப் போச்சு, அவசரப்பட்டு வெட்டிடுவாங்க. உங்க கை மாதிரி யாருக்கும் வராது," என்றாள். பிறகு சொன்னாள்: "பாருங்க, அப்பாவுக்குப் பேச்சு வந்தா முதல்ல உங்களப் பத்திதான் பேசுவாரு. காப்பாத்துனது நீங்கதானே."

அன்று மதியம் கடையில் இரண்டு லென்ஸைத் தப்பாகத் தேய்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கோணல் ரேசரை நான் கெட்ட எண்ணத்தில் வாங்கவில்லை. இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். மாமாவின் தாடி அவர் குரல் மாதிரியே முரடு. நேர் ரேசரில் நாலு முறை ஓட்டினால் தோல் சிவந்து போகும். அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், தோலைப் புண்ணாக்கக்கூடாது. அதனால் விசாரித்து, படித்து, இரண்டு ரேசரையும் என் முகத்திலேயே பத்து நாள் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துத்தான் கோணலைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் ஒரு கீறல் இல்லை. என் மனைவி அவர் கன்னத்தைத் தடவி, "குழந்தை கன்னம் மாதிரி இருக்கு," என்றாள். மாமாவும் இழுத்த வாயால் சிரிக்கப் பார்த்தார்.

அந்த வாரம்தான் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். சவரத்துக்கு முன்னால் சுடுதண்ணீர்த் துண்டு போடும்போது முகத் தசை இளகியிருக்கும், அப்போது 'ஆ', 'ஈ', 'ஊ' சொல்லவைத்தால் நல்லது என்றார். "காலைல நீங்கதானே சார், அவர்கூட இருக்கீங்க? தினமும் பத்து நிமிஷம் பேச வையுங்க. நான் வர்ற நாளவிட அதுதான் முக்கியம்." என் மனைவி அதை ஒரு அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

மறுநாள் துண்டை எடுத்து, நுரை போட்டு, தாடைக்குக் கீழே ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. "மா..." என்றார்.

தரையில் கிடந்தபோது சொன்ன அதே 'மா'. என் கை அழுந்திவிட்டது. நான் அழுத்தவில்லை, பயத்தில் தானாக அழுந்தியது. கோணல் ரேசரில் அந்த அளவு போதும். தாடையில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. மாத்திரையின் காரணமாக ரத்தம் நிற்கவே இல்லை. துண்டு நனைந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். படிகாரத்தை அழுத்தியபோது அவர் முனகினார், அதற்கு மேல் சத்தம் எழுப்பவில்லை.

அடுத்த நாள் நான் ரேசரை எடுத்ததும் அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். துண்டு போட்டபோதும் 'ஆ' சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க டீச்சரிடமும் அவ்வளவாக வாய் திறக்கவில்லை என்று என் மனைவி வருத்தப்பட்டாள். நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பத்து நாள் போயிருக்கும். கடைக்கு விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. பழைய குரல் இல்லை, ஈரத்தில் நனைந்து உப்பிய மாதிரி ஒரு குரல்.

"ஒரு... தரம். ரெண்... தரம்."

டம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை. என் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கேட்டீங்களா? அப்பா பேசிட்டாருங்க!" பின்னாலேயே டீச்சரின் குரல் வந்தது. "வாய்ப் பழக்கமா சொல்றது மொதல்ல வரும். இது வந்துடுச்சுன்னா மத்ததும் ஒண்ணொண்ணா வரும், பாருங்க." நான் சிங்க்கில் வாந்தி எடுத்தேன். சந்தோஷத்தில் என்று என் மனைவி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்துதான் நான் இரண்டு ரேசரையும் வைக்க ஆரம்பித்தேன். சின்ன மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, நேரானதை இடது பக்கம், கோணலை வலது பக்கம். மாமாவைச் சக்கர நாற்காலியில் அதன் முன்னால் உட்காரவைப்பேன். முந்தின நாள் அவர் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் நேரானதை எடுப்பேன். மெதுவாக, நாலு முறை ஓட்டுவேன், ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்வேன். பேசியிருந்தால் கோணலை எடுப்பேன். கடைசியில், மேலுதட்டுக்கு மேலேயோ வாயோரத்திலோ, கொஞ்சம் அழுத்துவேன். கடுகளவு வெட்டுதான். இன்ன வார்த்தைக்கு இன்ன இடம் என்றெல்லாம் எதுவும் கிடையாது, அந்த அளவுக்கு நான் போகவில்லை.

அவர் பேசினாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். என் மனைவிதான் சொல்வாள். நான் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே சொல்வாள். "இன்னிக்குத் தண்ணின்னு சொன்னாரு!" "இன்னிக்கு என்னைப் பாப்பான்னு கூப்பிட்டாருங்க!" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாப்பா என்று கூப்பிட்டதற்கு மறுநாள் இரண்டு வெட்டு விழுந்தது. அன்று நான் ரொம்பவே பயந்திருந்தேன்.

நான் ஒரு நாளும் கை ஓங்கவில்லை, மிரட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அந்த அறையில் நாங்கள் இருவருமே பேசியதில்லை. என் கை துண்டின்மேல் எந்தப் பக்கம் போகிறது என்று அவர் கண் கூடவே போகும். நேரானதைத் தொட்டால் மூச்சை விடுவார். கோணலைத் தொட்டால் நல்ல கையால் நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொள்வார், நகம் வெளுத்துப்போகும். அவ்வளவு பெரிய மனிதர், கூடமே அதிரக் கத்தியவர், என் விரலைப் பார்த்துப் பயந்தார். எனக்கு அது பிடித்திருந்தது என்று நீங்கள் எழுத நினைத்தால் எழுதலாம். என்னைக் கேட்டால், அவரைவிட எனக்குத்தான் பயம் அதிகம் என்பேன்.

அவர் புத்திசாலி. மூன்று வாரத்துக்குள் மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டே, "அப்பா, பாப்பான்னு ஒரு தடவை சொல்லுங்கப்பா, ஒரே ஒரு தடவை," என்று கெஞ்சுவாள். அவர் உதட்டை மூடிக்கொண்டு என் பக்கம் பார்ப்பார். என்னைப் பார்க்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லித்தரவும் வழியில்லை. நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

ஒரு நாள் நான் கடைக்குத் தாமதமாகக் கிளம்பினேன். டீச்சர் சீக்கிரமாக வந்துவிட்டார். மாமாவின் வாயோரத்தில் அன்றைய வெட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

"சார், காயம் அடிக்கடி வருதே. சாதா ரேசரே போதாதா?"

நான் அவருக்கு இரண்டு ரேசரையும் எடுத்துக் காட்டினேன். உங்களுக்குச் சொன்னது போலவே பொறுமையாக விளக்கினேன், தக்காளி உதாரணம்கூட அவருக்குச் சொன்னதுதான். கோணலின் தலையைக் கையில் கொடுத்து, பிளேடு எப்படி முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "ரெண்டுல எது வேணும்னு அவரைக் கேட்டீங்களா?" என்றார்.

நான் சிரித்தேன். "கேட்டா மட்டும் சொல்லவா போறாரு?"

டீச்சர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அப்போது அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது, நான் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். என்னவோ ஒன்றை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். அன்று கடையில் எனக்கு வேலை ஓடவே இல்லை. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசாத நாட்களிலும் சில சமயம் கோணலை எடுத்தேன். சந்தேகத்தின் பேரில்தான்.

இப்படி நாலு மாதம் போயிற்று. டீச்சரும் முன்னேற்றம் ஏதும் இல்லை என்றுதான் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இளைத்துப்போனாள். என் வயிறு சரியாகிவிட்டது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. என் மனைவிக்கு விடுமுறை. மாமாவின் அறையில், கட்டிலுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலு எட்டு தூரம் இருக்கும். நான் சுடுதண்ணீர்க் கிண்ணத்தையும் துண்டையும் ரேசர்களையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. நல்ல கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கூடத்தில் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை போதும். பாப்பா என்றால் அவள் திரும்பிவிடுவாள். அவரால் சொல்ல முடியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மகளின் முதுகைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். உதடுகளை உள்ளே மடக்கிப் பற்களால் கடித்துக்கொண்டார். அந்தப் பல் தடத்தைத்தான் உங்கள் பிரேதப் பரிசோதனை டாக்டர் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நான் தட்டை வைத்தேன். பிரஷைச் சுடுதண்ணீரில் முக்கி, நுரை எழுப்பி, அவர் முகத்தில் போட்டேன். வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டேன். நெற்றியைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவர் கை நெஞ்சிலிருந்து மடிக்கு இறங்கியது. என் மனைவி ஒரு சட்டையை மடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா தூங்கிட்டாரா?"

"சத்தம் போடாதம்மா. அசைஞ்சா வெட்டிடும்."

அவள் தலையாட்டிவிட்டு, மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொலுசு சத்தம்கூடக் கேட்காமல் மெல்ல நடந்து வெளியே போனாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நான் கோணலை எடுத்தேன். ஒரே முறை, மேலிருந்து கீழாக. அழுத்தவே இல்லை. எங்கே முடிந்தார் என்று எனக்குத் தெரியாது, இடது கன்னத்தில் இருந்தபோது மூச்சு இருந்தது, தாடைக்கு வந்தபோது இல்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. அசையாத முகத்தில் கோணல் ரேசருக்கு ஈடு கிடையாது, அதை அன்றுதான் பார்த்தேன். முகத்தைத் துடைத்துவிட்டு, ரேசரை அலசிவிட்டு, என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து கன்னத்தைத் தொட்டாள். அவள் போட்ட சத்தத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்கிறது, பயமாக இருக்கிறது.

ஆக, நீங்கள் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் ஒன்றுதான், ஐயா. முதல் தடவை அவரை ஒரு மணி நேரம் தரையில் விட்டது நான். நாலு மாதம் அவர் வாயை மூடியது நான். கடைசியில், அவர் சாகும்போது சவரம் செய்துகொண்டிருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நேற்று நீங்கள் டீச்சர் உங்களிடம் கொடுத்த நோட்டைப் படித்துக் காட்டினீர்களே, அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அவரிடம் மாமா நாற்பது வார்த்தைக்கு மேல் பேசியிருக்கிறாராம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சைகையால் கெஞ்சினாராம். மகளை அசத்துவதற்காக ரகசியமாகப் பழகுகிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டு, முன்னேற்றம் இல்லை என்று பொய் சொல்லிவந்தாராம். அது போகட்டும். முதல் வாரத்துப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. விழுந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று டீச்சர் அட்டை காட்டி மூன்று தடவை கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் மாமா 'இல்லை' அட்டையைத்தான் தொட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்றதற்கு என் போட்டோவைத் தொட்டிருக்கிறார்.

அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை, ஐயா. ஏன் வெட்டு விழுகிறது என்றே தெரியாமல் நாலு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்தை நீங்கள் இரண்டு முறை படித்தீர்கள். ஆறு வாரமாக அவர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் பழகிக்கொண்டிருந்தாராம். 'மாப்ள, மெதுவா.' மாப்ள நன்றாக வந்துவிட்டது, மெதுவா இன்னும் முழுசாக வரவில்லை என்று டீச்சர் எழுதியிருக்கிறார்.

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நேர் ரேசரையே எடுத்திருப்பேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று அவன் வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்?